பக்கத்து சீட் சென்சார் கோளாறா? புது சென்சார் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

என் காரில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் ஆள் இருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார் கெட்டுவிட்டது என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னார்கள். பல கார்களில் அந்தப் பக்க ஏர்பேக் வேலை செய்ய வேண்டுமா வேண்டாமா என்பதே இந்த சென்சார் சொல்வதைப் பொறுத்துத்தான். சரி என்று புதிதாக வாங்கிப் போட்டேன். இரண்டாம் நாளே ஏர்பேக் விளக்கு மறுபடி எரிந்தது. அடுத்து போன இடத்தில் ஏர்பேக் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள், அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டுத்தான் நானே உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். கடைசியில் பார்த்தால் கோளாறு சீட்டுக்கு அடியில் பாதி மட்டும் செருகியிருந்த ஒரு கனெக்டர். அதைச் சரி செய்த பிறகும் இன்னொரு பிரச்சனை பாக்கி இருந்தது, அது புது சென்சார் போட்டதால் வந்த பிரச்சனை! அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் சுற்றிய சுற்றை நீங்கள் சுற்ற வேண்டாம் என்பதற்காக, எதற்குப் பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக எழுதுகிறேன். காரைப் பற்றி அதிகம் தெரியாதவர்களும் முதல் நான்கு படிகளைத் தாராளமாகச் செய்யலாம். ஐந்தாவதிலிருந்து ஏர்பேக் வயர்களுக்குப் பக்கத்தில் கை போகும், அங்கே நிதானம் வேண்டும்.

1. எந்த விளக்கு எரிகிறது?

இதிலேயே பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். இந்த விஷயத்தில் மூன்று தனித்தனி விளக்குகள் இருக்கின்றன. முதலாவது சீட் பெல்ட் நினைவூட்டும் சிவப்பு விளக்கு, கூடவே டிங் டிங் என்று சத்தம் வரும். இரண்டாவது ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு, உட்கார்ந்த ஆளின் முன்னால் ஒரு பந்து இருப்பது போன்ற படம். மூன்றாவது, பக்கத்து சீட் ஏர்பேக் அணைந்திருக்கிறது என்று காட்டும் ‘ஆஃப்’ விளக்கு. இது எல்லாக் கார்களிலும் இருக்காது. இருந்தால் பெரும்பாலும் டாஷ்போர்டின் நடுவிலோ மேலே கண்ணாடி பக்கத்திலோ இருக்கும்.

ஆளே இல்லாமல் சீட் பெல்ட் சத்தம் மட்டும் வந்தால், சீட்டில் யாரோ உட்கார்ந்திருப்பதாகக் கார் நினைக்கிறது என்று அர்த்தம். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், அந்த அமைப்பில் எங்கோ ஒரு கோளாறைக் கார் கண்டுபிடித்துப் பதிந்து வைத்திருக்கிறது. அது சீட் சென்சாராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை, ஸ்டியரிங்குக்குள் இருக்கும் வயர் அறுந்தாலும் இதே விளக்குதான். ‘ஆஃப்’ விளக்கு மட்டும் எரிந்து மற்றவை அமைதியாக இருந்தால் அது கோளாறாகவே இல்லாமலும் இருக்கலாம், சீட் காலியாக இருக்கும்போதோ குழந்தை உட்கார்ந்திருக்கும்போதோ அது எரிவதுதான் முறை. பெரியவர் ஒருவர் ஒழுங்காக உட்கார்ந்த பிறகும் அணையவில்லை என்றால்தான் கவலை.

சாவி போட்டவுடன் இந்த விளக்குகள் சில நொடிகள் எரிந்து அணைவது சுயசோதனை. பல கார்களில் ஆறு நொடி போல இருக்கும். அந்தச் சில நொடிகளும் எரியவே இல்லை என்றால் அதுவும் கோளாறுதான், யாரோ பல்பைக் கழற்றிவிட்டிருக்கலாம். பழைய கார் வாங்கியவர்கள் இதை அவசியம் கவனியுங்கள்.

இன்னொன்று. சில கார்களில் பக்கத்து சீட் ஏர்பேக்கைச் சாவியால் அணைக்கும் ஒரு சுவிட்ச் உண்டு. கதவைத் திறந்தால் தெரியும்படி டாஷ்போர்டின் ஓரத்திலோ, கையுறைப் பெட்டிக்குள்ளோ இருக்கும். முன்பு யாராவது குழந்தைக்காக அதைத் திருப்பி வைத்துவிட்டு மறந்திருப்பார்கள். முதலில் அதைப் பாருங்கள்.

2. உங்கள் சீட்டுக்குள் எந்த வகை இருக்கிறது?

சென்சார் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, அதில் குறைந்தது நான்கு வகை உண்டு. வகை தெரியாமல் கை வைத்தால் வீண் வேலை.

மிக எளிமையானது, சீட்டின் துணிக்கும் ஃபோமுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய மேட். எடை அழுத்தினால் உள்ளே இருக்கும் தொடுமுனைகள் சேரும், அவ்வளவுதான். ஆள் உண்டா இல்லையா என்று மட்டும் சொல்லும். பல கார்களில் இது பெல்ட் சத்தத்துக்கு மட்டுமே பயன்படுகிறது. இரண்டாவது வகையில் ஃபோமுக்கு அடியில் ஜெல் நிரப்பிய பை ஒன்று இருக்கும், அதிலிருந்து ஒரு குழாய் அழுத்த சென்சாருக்குப் போகும், உட்காருபவரின் எடைக்கு ஏற்ப அழுத்தம் கூடும். மூன்றாவது, சீட் தண்டவாளத்தின் நான்கு மூலைகளிலும் இருக்கும் எடை சென்சார்கள். கடையில் இருக்கும் மின்னணுத் தராசுக்கு என்ன வேலையோ அதே வேலைதான் இவற்றுக்கும். நான்காவது வகை எடையைப் பார்ப்பதே இல்லை. மனித உடல் பக்கத்தில் வந்தால் மின்புலம் மாறுமே, அந்த மாற்றத்தை அளக்கும். போன் திரை விரலை உணர்வதும் இப்படித்தான்.

உங்களுடையது எது என்று தெரிந்துகொள்ள, காருடன் வந்த கையேட்டில் ஏர்பேக் பகுதியைப் படியுங்கள். அங்கே தெளிவாக இல்லை என்றால் உதிரிபாகக் கடையில் சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பக்கத்து சீட்டின் படத்தைத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. அந்தப் படத்தில் சென்சார் தனியாக விற்கிறார்களா, ஃபோமுடன் சேர்த்துத்தான் விற்கிறார்களா என்பதும் தெரிந்துவிடும். பின்னால் செலவுக் கணக்குப் போடும்போது இது முக்கியம்.

3. காசு செலவில்லாத சோதனைகள்

சீட்டின் மேல் இருப்பதை எல்லாம் எடுத்துவிடுங்கள். கைப்பை, லேப்டாப், குடிதண்ணீர் பாட்டில், எல்லாவற்றையும்தான். லேப்டாப் பை ஒன்றுக்கே சில கார்கள் பெல்ட் போடச் சொல்லிக் கத்தும், அது கோளாறு இல்லை. அப்புறம் சீட் கவர். தடிமனான கவரோ, மேலே போட்ட மெத்தையோ, மர மணிகள் கோத்த விரிப்போ எடையைப் பரப்பிவிடும், உடலை உணரும் வகையாக இருந்தால் இடைவெளி கூடியதாலேயே ஆள் தெரியாமல் போகும். கழற்றிவிட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். அந்த வகைக்கு ஈரமும் ஆகாது. நனைந்த துணியை உடல் என்று நினைத்துக்கொள்ளும். அதே சீட்டில் போனைச் சார்ஜ் போட்டு வைப்பதும் வேண்டாம்.

பிறகு சீட்டுக்கு அடியில். டார்ச் அடித்துக் குனிந்து பாருங்கள். என் காரில் நீளமான குடை ஒன்று தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடந்தது. சீட்டை முன்னால் தள்ளும் ஒவ்வொரு முறையும் அதன் பிடி வயர்க் கட்டைக் கொக்கி போல இழுத்திருக்கிறது. இரண்டு ஒர்க்‌ஷாப்பிலும் அந்தக் குடையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு வேலை பார்த்துவிட்டு, மறுபடி அங்கேயே பத்திரமாக வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். மரியாதையானவர்கள். எடை சென்சார் இருக்கும் சீட்டுக்குக் கீழே எது முட்டினாலும் கணக்குத் தப்பும், ஏனென்றால் எடையில் ஒரு பங்கை அந்தப் பொருள் தாங்கிக்கொள்ளும். பின்சீட்டில் இருப்பவர் பாதத்தை அடியில் நுழைத்து மேலே உந்தினாலும், முதுகுச் சாய்வைப் பின்சீட்டில் முட்டும்வரை சாய்த்துப் போட்டாலும் இதே கதைதான்.

உட்காரும் விதத்தையும் பாருங்கள். நுனியில் உட்கார்ந்து கதவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு போகிறவரின் பாதி எடை சீட்டுக்கே வராது.

பேட்டரி. வண்டி இரவு முழுக்க நின்ற பிறகு மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது. 12-க்குக் கீழே இருந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள், மின்னழுத்தம் குறைந்தால் இந்தக் கம்ப்யூட்டர்கள் சம்பந்தமில்லாத கோளாறுகளை எல்லாம் பதிந்து வைக்கும்.

இதையெல்லாம் செய்யும்போது ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: விளக்கு எப்போது எரிந்தது, சீட் முன்னால் இருந்ததா பின்னால் இருந்ததா, ஆள் இருந்தாரா, மழை நாளா. என் காகிதத்தில் பதினோரு முறை குறித்திருந்தேன், அதில் ஒன்பது முறை சீட்டை நகர்த்திய அதே நாள். வயரில்தான் விஷயம் இருக்கிறது என்று ஸ்கேனரைத் தொடும் முன்பே அந்தக் காகிதம் சொல்லிவிட்டது, நான்தான் தாமதமாகக் கேட்டேன்.

4. செலவு செய்யும் முன் இரண்டு வேலை: சேசிஸ் எண், கோட்

முதல் வேலை, உங்கள் சேசிஸ் எண்ணைக் கார் நிறுவனத்தின் தளத்தில் போட்டு, திரும்ப அழைப்பு (ரீகால், தயாரிப்புக் குறையைச் சரி செய்ய நிறுவனமே கார்களைக் கூப்பிடுவது) ஏதாவது நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பது. இந்தச் சென்சார் விஷயத்தில் பெரிய பெரிய அழைப்புகள் வந்திருக்கின்றன. 2016-ல் நிசான் அமெரிக்காவில் மட்டும் முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தது, பெரியவர் உட்கார்ந்தாலும் சீட் காலி என்றோ குழந்தை என்றோ அமைப்பு தப்பாக எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காக. 2023 டிசம்பரில் டொயோட்டா அதே நாட்டில் சுமார் பத்து லட்சம் கார்களை, சென்சாரில் ஷார்ட் ஆகலாம் என்று அழைத்தது. 2024 பிப்ரவரியில் ஹோண்டா ஏழரை லட்சம். அதில் எடை சென்சாருக்குள் இருக்கும் ஒரு சின்ன மின்தேக்கி விரிசல் விட்டு, ஈரப்பதத்தால் ஷார்ட் ஆகி, அணைந்திருக்க வேண்டிய ஏர்பேக் அணையாமல் போகலாம் என்பதுதான் காரணம். உங்கள் கார் இப்படி ஒரு பட்டியலில் இருந்தால் வேலை இலவசம். ஏற்கெனவே சொந்தக் காசில் மாற்றியிருந்தாலும் பில் இருந்தால் திரும்பக் கேட்டுப் பார்க்கலாம், அதனால் எந்தப் பில்லையும் தூக்கிப் போடாதீர்கள்.

வாரண்டி புத்தகத்தையும் ஒருமுறை புரட்டுங்கள். சில நிறுவனங்கள் சீட் பெல்ட்டுக்கும் ஏர்பேக்குக்கும் பொது வாரண்டியை விட நீண்ட காலம் தருகின்றன. அது பெரிய எழுத்தில் இருக்காது.

இரண்டாவது வேலை, கோட் படிப்பது, அதாவது கார் பதிந்து வைத்திருக்கும் கோளாறுக் குறியீட்டை ஸ்கேனரில் பார்ப்பது. இங்கே ஒரு பொறி இருக்கிறது: காரின் சோதனை சாக்கெட்டில் செருகும், மலிவாகக் கிடைக்கும் ஓபிடி கருவிகள் பெரும்பாலும் எஞ்சின் கோட்களை மட்டும்தான் படிக்கும். அவற்றைச் செருகிவிட்டு ‘கோளாறு எதுவும் இல்லை’ என்று திரையில் வந்தால் நம்பிவிடாதீர்கள். ஏர்பேக் கம்ப்யூட்டரைப் படிக்கும், அதாவது எஸ்ஆர்எஸ் என்று பெட்டியில் போட்டிருக்கும் ஸ்கேனர் வேண்டும், அதுவும் உங்கள் கார் மாடலுக்கு ஆகுமா என்று கேட்டு வாங்குங்கள். வாங்குவதற்குப் பதில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் மட்டும் செய்யச் சொல்லிக் கூலி கொடுப்பது, ஒருமுறைக்கு, லாபம். ‘ஸ்கேன் மட்டும் போதும், எதையும் அழிக்க வேண்டாம்’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழித்துவிட்டால் விளக்கு அணையும், நீங்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவீர்கள், தடயமும் போய்விடும்.

கோட் ‘பி’ என்ற எழுத்தில் ஆரம்பித்தால் உடல் பகுதி சம்பந்தப்பட்டது, ஏர்பேக் கோட்கள் இதில் வரும். ‘யு’ என்று ஆரம்பித்தால் இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு நடுவில் பேச்சு அறுந்திருக்கிறது என்று பொருள். ‘யு’ வந்தால் சென்சாரை மறந்துவிட்டு ஃப்யூஸ், மின்சாரம், எர்த், கனெக்டர் என்று தேடுங்கள். டொயோட்டாவில் வரும் பி1650 போன்ற கோட் பொதுவானது, ஏர்பேக் கம்ப்யூட்டர் ‘சீட் பக்கம் ஏதோ சரியில்லை’ என்று சொல்வது அவ்வளவுதான். அதை மட்டும் பார்த்துச் சென்சார் ஆர்டர் போடக் கூடாது, சீட்டின் சொந்தக் கம்ப்யூட்டருக்குள் போய் அங்கே என்ன கோட் இருக்கிறது என்றும் படிக்க வேண்டும். என் முதல் ஒர்க்‌ஷாப் இந்த இரண்டாவது படியைச் செய்யவே இல்லை.

கோட் பக்கத்தில் ‘இப்போது இருப்பது’ என்று வருகிறதா, ‘முன்பு வந்து போனது’ என்று வருகிறதா என்பதையும் பாருங்கள். வந்து போனது என்றால் பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு. திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கூடவே கிலோமீட்டர் எண் தெரியும்படி ஒரு படம். பிறகு ஒர்க்‌ஷாப்புடன் பேச்சு வளர்ந்தால் கையில் இருக்கும் ஆதாரம் இதுதான்.

ஸ்கேனரைக் கழற்றும் முன் நேரடி அளவுகளைப் பாருங்கள். எடை வகை என்றால் கிலோவில் வரும். மற்றவற்றில் காலி, குழந்தை, பெரியவர் என்று நிலை மட்டும் வரும். காலியாக ஒருமுறை, பெரியவரை உட்கார வைத்து ஒருமுறை, அவரைச் சற்று அசைந்து உட்காரச் சொல்லி ஒருமுறை. பிறகு சீட்டை மெதுவாக முன்னும் பின்னும் தள்ளியபடியே திரையைப் பாருங்கள். அளவு திடீரென்று குதித்தாலோ காணாமல் போனாலோ உங்கள் கோளாறு அந்த வயரில் இருக்கிறது.

5. சீட்டுக்கு அடியில் கை விடும் முன்

சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக் அல்லது பெல்ட்டை இழுக்கும் வெடிமருந்துக் கருவி சம்பந்தப்பட்டது. சீட்டின் பக்கவாட்டிலேயே ஏர்பேக் இருக்கும் கார்கள் நிறைய. அந்த மஞ்சள் கனெக்டருக்குள் மல்டிமீட்டர் முனையை எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். மீட்டரில் இருந்து போகும் சின்ன மின்சாரம் போதும் என்று யாரும் பரிசோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் இல்லை இது. கோளாறு அந்தச் சுற்றில் இருப்பதாகக் கோட் சொன்னால் அதற்கென்று கருவி வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள்.

வேலை வரிசை இப்படி. போல்ட்டுகள் தெரியும்படி சீட்டை நகர்த்திக்கொள்ளுங்கள். இக்னிஷனை அணையுங்கள். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றுங்கள், அது திரும்பத் தொட்டுவிடாதபடி துணி சுற்றுங்கள். பிறகு காத்திருங்கள். ஏர்பேக் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மின்தேக்கி, பேட்டரி போன பிறகும் கொஞ்ச நேரம் மின்சாரம் வைத்திருக்கும். டொயோட்டா 90 நொடி என்கிறது, ஹோண்டா மூன்று நிமிடம் என்கிறது. உங்கள் காருக்கு என்ன என்று சர்வீஸ் கையேட்டில் பாருங்கள், நான் ஒரு காபி குடித்து முடிக்கும் வரை விட்டுவிடுவேன்.

முதல் வரியை நான் சும்மா எழுதவில்லை. மின்சார சீட் என்றால் பேட்டரியைக் கழற்றிய பிறகு அது நகராது. நான் ரொம்பப் பொறுப்பாக பேட்டரியை முதலில் கழற்றிவிட்டு, பின்பக்க போல்ட்டுகள் சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, மறுபடி மாட்டி, நகர்த்தி, மறுபடி கழற்றி, மறுபடி காத்திருந்தேன்.

சீட் கனெக்டர் கழன்று கிடக்கும்போது எந்தக் காரணத்துக்கும் சாவி போடாதீர்கள். போட்டால் பக்க ஏர்பேக் காணோம் என்று இன்னொரு கோட் பதிவாகும், பழைய கோளாறு எது புதுசு எது என்று குழம்பிப் போகும்.

6. கனெக்டர்

பல கார்களில் இந்த வேலைக்குச் சீட்டைக் கழற்றவே தேவையில்லை, பின்பக்கக் கதவைத் திறந்து தரையில் படுத்தால் எட்டும். கனெக்டரின் பூட்டு நாக்கைப் பாருங்கள். முழுசாக உட்கார்ந்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும், விரலிலும் தெரியும். என்னுடையது வெளியிலிருந்து பார்க்கச் சரியாகத்தான் இருந்தது, இழுத்தால் வரவும் இல்லை. ஆனால் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் நகக்கண் அளவுக்கு ஒரு கோடு தெரிந்தது. பூட்டு நாக்கின் நுனி உடைந்திருந்ததால் செருகினாலும் அது பின்னுக்கு வந்துகொண்டே இருந்திருக்கிறது. புது சென்சார் போட்டபோது கழற்றி மாட்டினார்களே, அதனால் ஒரு நாள் ஒழுங்காக இருந்து, பிறகு பழையபடி.

கழற்றி உள்ளே பாருங்கள். பச்சை பூத்திருந்தால் ஈரம் போயிருக்கிறது. முனைகளில் ஒன்று மற்றவற்றை விட உள்ளே தள்ளியிருந்தால் அதுவே உங்கள் கோளாறு. கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவிட்டு மாட்டலாம். தேய்க்கும் காகிதம் போட்டுச் சுரண்டாதீர்கள், மேல்பூச்சு போய்விட்டால் அடுத்த மாதம் மறுபடி இதே இடத்தில் படுத்திருப்பீர்கள். பூட்டு உடைந்திருந்தால் கனெக்டர் கூடு மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள், விலை சென்சாருக்குப் பக்கத்தில் கூட வராது. கயிறு கட்டுவதோ டேப் சுற்றுவதோ தற்காலிகம்தான்.

வயர்க் கட்டு சீட்டுடன் சேர்ந்து நகரும் இடத்தில் விரலால் தடவிப் பாருங்கள். உறை நன்றாக இருந்தும் உள்ளே செம்பு அறுந்திருக்கலாம், மடித்தால் அந்த இடம் மட்டும் தொளதொளவென்று இருக்கும். சீட் தண்டவாளத்தில் நசுங்கிய தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெல்ட் கொக்கியின் சுவிட்சையும் விட்டுவிடாதீர்கள். பெல்ட் போட்டிருக்கிறதா என்று சொல்லும் சின்ன சுவிட்ச் அந்தக் கொக்கிக்குள் இருக்கிறது, பாயசமோ குளிர்பானமோ சிந்திக் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். பல கார்களில் அதன் வயரும் இதே கட்டில்தான் வருகிறது.

7. மல்டிமீட்டர் சோதனை, மேட் வகைக்கு மட்டும்

எளிய மேட் என்றால் அதன் கனெக்டரை, அதாவது மஞ்சள் இல்லாததை, கழற்றி இரண்டு முனைகளுக்கு நடுவில் ஓம் அளவு பாருங்கள். காலியாக ஒருமுறை, உள்ளங்கையால் நன்றாக அழுத்தி ஒருமுறை, ஆளை உட்கார வைத்து ஒருமுறை. சரியான எண் காருக்குக் கார் வேறு. ஆனால் எந்தக் காராக இருந்தாலும் உட்கார்ந்தால் எண் தெளிவாக மாற வேண்டும், எழுந்தால் பழைய எண்ணுக்கு வர வேண்டும். எழுந்த பிறகும் அப்படியே நின்றால் மேட் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது, ஆளில்லாமல் சத்தம் போடும் கார்களில் இதுதான் அடிக்கடி காரணம். சீட்டில் முழங்காலை ஊன்றிப் பின்சீட்டுக்கு எட்டும் பழக்கம் இருந்தால் மேட் சீக்கிரம் போகும், மொத்த எடையும் ஒரு புள்ளியில் இறங்குகிறது.

மற்ற மூன்று வகைகளிலும் உள்ளே மின்னணுச் சுற்று இருப்பதால் ஓம் அளவு எதையும் சொல்லாது. அங்கே ஸ்கேனர்தான்.

8. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால்

வேலைக்கூலி பெரும்பாலும் பொருளின் விலையை விட நேரத்தைப் பொறுத்தது. மேட் மாற்ற சீட்டைக் கழற்றி, துணியைப் பிரித்து, வளையங்களை வெட்டி, மறுபடி தைத்து மாட்ட வேண்டும், அரை நாள் போய்விடும். ஜெனரல் மோட்டார்ஸ் போல சில நிறுவனங்கள் ஃபோம், சென்சார், அதன் கம்ப்யூட்டர் மூன்றையும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று பொருத்திச் செட்டாகத்தான் தருகின்றன. அதில் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நகர்ந்துவிடுங்கள். அதனால் விலை கேட்கும்போதே, ‘செட்டா தனியா, கூலி உண்டா, ஜீரோ செட்டிங் சேர்த்தா’ என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஜீரோ செட்டிங் என்பது காலி சீட்டைப் பூஜ்ஜியம் என்று காருக்குச் சொல்லிக்கொடுப்பது. பொருள் வர எத்தனை நாள் என்பதையும்தான். ஏர்பேக் பொருள்கள் பல இடங்களில் ஆர்டர் போட்டால்தான் வரும், அதுவரை அந்த சீட்டில் யாரையும் உட்கார வைக்காமல் ஓட்ட வேண்டியிருக்கும்.

உடைத்த வண்டியிலிருந்து எடுத்த சீட் சென்சார் மலிவு என்று ஆசை காட்டுவார்கள். அந்த வண்டி ஏன் உடைந்தது என்று யோசியுங்கள். மோதலில் ஒருமுறை வளைந்த எடை சென்சார் வெளியே நன்றாகத்தான் தெரியும்.

இதை விட மோசம், சென்சாருக்குப் பதிலாக மாட்டச் சொல்லி விற்கும் ஏமாற்று பிளக். அது ‘இங்கே எப்போதும் பெரியவர் உட்கார்ந்திருக்கிறார்’ என்று காருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். விளக்கு அணையும், உண்மைதான். ஆனால் நாளை யாராவது அந்த சீட்டில் பின்னோக்கிய குழந்தை சீட்டை வைத்தால் ஏர்பேக் அதன் முதுகில் அறையும். வண்டியை விற்ற பிறகு வாங்கியவருக்கு இது தெரியவே தெரியாது.

திரும்ப மாட்டும்போது நான்கு போல்ட்டையும் கையால் ஏற்றிவிட்டு, பிறகு சர்வீஸ் கையேட்டில் சொன்ன வரிசையில் டார்க் ரென்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளக்கும் ஸ்பேனர்) வைத்து முறுக்குங்கள். எடை சென்சார் வகையில் இது கட்டாயம், ஒரு பக்கம் முறுக்கி இழுத்தால் தண்டவாளம் வளைந்து காலி சீட்டே எடை காட்டும். காற்றழுத்த கன்னால் படபடவென்று முறுக்குவதை நின்று தடுத்துவிடுங்கள். சீட்டைத் தூக்கும்போது கீழே போடாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம்.

9. ஜீரோ செட்டிங்

என் இரண்டாவது பிரச்சனை இதுதான். கனெக்டரை மாற்றிய பிறகு ஏர்பேக் விளக்கு அணைந்தது. ஆனால் அம்மா உட்கார்ந்தால் ‘ஆஃப்’ விளக்கு எரிந்தது, நான் உட்கார்ந்தால் அணைந்தது. ஸ்கேனரில் பார்த்தால் காலி சீட் மைனஸ் 14 கிலோ. 48 கிலோ இருக்கும் அம்மாவைக் கார் 34 கிலோவாக எடுத்துக்கொண்டு குழந்தைக் கணக்கில் சேர்த்துவிட்டது. புது சென்சார் போட்டவர்கள் ஜீரோ செட்டிங் செய்யவில்லை, பில்லில் அந்த வரியே இல்லை. அம்மாவுக்கு மட்டும் இதில் ஒரே சந்தோஷம்.

எடை வகையில் சீட்டைக் கழற்றி மாட்டினாலே இதைச் செய்ய வேண்டும், புது சென்சார் போட்டால்தான் என்று இல்லை. காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். சீட் முழுக்கப் பின்னால், முதுகுச் சாய்வு நிமிர்ந்து, மேலே கீழே எதுவும் இல்லாமல். கதவைச் சாத்தி, காரை யாரும் தொடாமல், ஸ்கேனரில் அந்தக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். இரண்டு மூன்று நிமிடம்தான். முடிந்ததும் கட்டாயம் எடை வைத்துச் சரிபார்க்க வேண்டும். டொயோட்டாவின் சர்வீஸ் முறையில் 30 கிலோ வைத்தால் 27-லிருந்து 33-க்குள் காட்ட வேண்டும் என்று இருக்கிறது. தராசுக்கல்லுக்கு எங்கே போவது என்றால், ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மூடி இறுக்கமான கேன்களில் நிரப்பி வீட்டுத் தராசில் 30-ஐ உறுதி செய்துகொண்டு போனேன். ஒர்க்‌ஷாப் பையன் ஒரு மாதிரி பார்த்தான், பரவாயில்லை. திரை 31 காட்டியது.

அதன் பிறகுதான் கோட்களை அழிக்கச் சொல்லுங்கள். அழித்துவிட்டு, சீட்டை முன்னும் பின்னும் பத்து முறை தள்ளி, பெல்ட்டைப் போட்டுக் கழற்றி, ஆளை ஏற்றி இறக்கி, மேடு பள்ளத்தில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இன்னொரு முறை ஸ்கேன் செய்யுங்கள். அந்த இரண்டாவது ஸ்கேன் காகிதத்தை வாங்கிக்கொண்டுதான் காசு கொடுங்கள். பில்லில் மாற்றிய பொருளின் எண், ஜீரோ செட்டிங் செய்த தேதி, கிலோமீட்டர் மூன்றும் இருக்க வேண்டும். வண்டியை விற்கும்போதும், என்றாவது விபத்து நடந்து இன்சூரன்ஸ்காரர் கேட்கும்போதும் அதுதான் பேசும்.

குடையை இப்போது டிக்கியில் வைத்திருக்கிறேன்.